எல்லாம் செய்வாள்

அத்தியாயம் பதினொன்று

கடிதம் வந்து பதினேழு நாள் ஆகிவிட்டது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருகிற கடிதம்தான். குழந்தையை நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டும். பள்ளியில் அவளுக்கென்று ஒரு துணை டீச்சர் இனியும் தேவையா, தேவையென்றால் எத்தனை மணி நேரம் என்று பார்த்து முடிவு செய்வார்கள்.

அந்தப் பதினேழு நாளில் அம்மா ஒரு நோட்டு நிறைய எழுதியிருந்தாள். ஆறு வயதுச் சின்னவளால் செய்ய முடியாதவை என்னென்ன என்று. அறுபத்திரண்டு இருந்தன. போன வாரம் அப்பா அந்த நோட்டை எடுத்துப் பார்த்ததும், ஒன்பதாவது வரியோடு மூடி வைத்துவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே போனதும் நமக்குத் தெரியும்.

அதற்கப்புறம் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் இருக்கும்போதே அந்த நாள் வந்துவிட்டது.

சின்னவளை வீட்டில் பூனை என்று கூப்பிடுவார்கள். குதிகால் தரையில் படாமல் முன்பாதத்திலேயே நடப்பாள், சத்தமே இருக்காது. அப்பா வைத்த பெயர். பெரியவளுக்கும் அவர்தான் பெயர் வைத்தார். எதற்கெடுத்தாலும் குறுக்குக் கேள்வி கேட்பதால் வக்கீல். ஒன்பது வயது வக்கீல்.

காலை ஏழரை மணிக்கு அம்மா குளித்துவிட்டு வந்து பார்த்தபோது பூனை கூடத்தின் நடுவில் புது நீலக் கவுனோடு நின்றிருந்தாள். தலையைப் படிய வாரி இரண்டு பின்னல் போட்டிருந்தது.

"இதை யாரு போட்டு விட்டது?"

"நான்தான்" என்றார் அப்பா.

அவரும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார். லிஃப்ட் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள் கிரீஸ் படிந்த சட்டையில் திரிகிற மனிதர் வெள்ளை போட்டால் பக்கத்து வீட்டுக்காரர்களே யாரோ என்று பார்ப்பார்கள்.

"கல்யாணத்துக்கா போறோம்? எப்பவும் இருக்கற மாதிரி கூட்டிட்டுப் போனா போதும்."

"எப்பவும் எப்படி இருக்கா?"

"காலரைக் கடிச்சுக் கடிச்சுக் கந்தலாக்கி வச்சிருக்கா இல்ல, அந்தச் சட்டையைப் போட்டு விடுங்க. டாக்டர் பார்க்கட்டும்."

"நம்ம குழந்தையைப் பிச்சைக்காரி மாதிரி கொண்டுபோய் நிறுத்தணுமா?"

"நிறுத்தினா ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. அழகா நிறுத்தினாத்தான் ஆபத்து."

பெரியவள் ரொட்டியைக் கடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்று ஆசிரியர்களுக்கு ஏதோ கூட்டம், பள்ளி விடுமுறை. வீட்டில் விட்டுவிட்டுப் போக ஆளில்லை. அவளும் வரவேண்டியதுதான்.

கவுனைக் கழற்ற அம்மா கை வைத்தாள். பூனை இரண்டு கையாலும் துணியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அந்த வழுவழுப்பு பிடித்துப் போயிருந்தது. உரித்தால் அழுவாள், அழுதால் பஸ் போய்விடும். அம்மா விட்டுவிட்டாள்.

பஸ்ஸில் அம்மா தாழ்ந்த குரலில் சொன்னாள்: "டாக்டர் கேக்கறதுக்கெல்லாம் நான் பதில் சொல்றேன். நீங்க பக்கத்துல இருந்தா போதும்."

"சரி."

"சரின்னா சரியா?"

"சரி தாயே, நான் வாயே திறக்கலை."

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. துணை டீச்சர் காலை ஒன்பதுக்கு வந்தால் மூன்று வரைக்கும் பூனையை விட்டு நகரமாட்டாள். அந்த ஆறு மணி நேரத்தில்தான் அம்மா மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கிறாள். அந்த ஆறு மணி நேரத்தில்தான் அவள் யாருடைய கையையும் பிடித்திருக்காமல் இரண்டு கையாலும் வேலை செய்கிறாள். மதியம் ஒரு வாய் சாப்பாட்டைச் சூடாகச் சாப்பிடுகிறாள். துணை டீச்சர் இல்லாவிட்டால் பள்ளியும் இல்லை. தனியாக விட்டால் பூனை வாசல் தாண்டி ஓடுவாள். வண்டி வருகிறதா என்று பார்க்கமாட்டாள்.

மதிப்பீட்டு மையத்தில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் சிரிக்கிற குழந்தைகளின் படங்கள், கீழே சிரிக்காத குழந்தைகள். ஒரு பையன் தரையில் புரண்டு கத்திக்கொண்டிருந்தான். அவனுடைய அம்மா தடுக்கவேயில்லை. மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே கூப்பிடுவதற்குள் நிறுத்திவிடப் போகிறானோ என்று அவளுக்குக் கவலை. பூனையின் அம்மாவுக்குப் பொறாமையாக இருந்தது.

ஏனென்றால் பூனை அன்று அப்படி அமைதி. வெகு நாளைக்கப்புறம் நேற்று ஒரே தூக்கமாகத் தூங்கியிருந்தாள். மேலே மின்விசிறி சுற்றுவதை வாய் கொஞ்சம் திறந்து, தலை சாய்த்து, ஓவியத்தில் எழுதிய குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு சமர்த்து! இவளுக்கு என்ன?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் கேட்டாள்.

"ஒண்ணுமில்லைங்க" என்றார் அப்பா.

அம்மா திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும். காலையிலிருந்து எத்தனை குழந்தைகளைப் பார்த்தாரோ, குரலில் களைப்பு. அவருடைய கண்ணாடி ஃப்ரேம் அளவு சரியில்லை. வாக்கியத்துக்கு ஒருமுறை நழுவியது, விரலால் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தார். வேறு நாளாயிருந்தால் அம்மாவே வாங்கி இரண்டு பக்கமும் வளைத்துக் கொடுத்திருப்பாள்.

அம்மா நோட்டை நீட்டினாள்.

"எழுதிக் கொண்டு வர்றதை எடுத்துக்கறதில்லைம்மா. நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க. அப்படியே பதிவாகும்."

அறுபத்திரண்டும் மடியிலேயே தங்கிவிட்டன.

முதலில் பூனையிடம் கட்டைகளைக் கொடுத்தார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கச் சொன்னார்கள். வீட்டில் மூன்று வருடமாக அவள் தொடாத வேலை. அன்று ஏழு கட்டை அடுக்கினாள். பந்தைக் கேட்டார்கள், கொடுத்தாள். டாக்டர் "குட்" என்று சொல்லிக் கணினியில் ஏதோ தட்டினார்.

கையெட்டும் தூரத்தில் தன் குழந்தை ஏழு கட்டை அடுக்குகிறாள். வேண்டாம்டி, இன்னிக்கு வேண்டாம்டி என்று அம்மாவின் மனசு கெஞ்சியது. அப்படிக் கெஞ்சுகிற தன்னையே அவளுக்குப் பிடிக்கவில்லை.

"பேசறாளா?"

"இல்லை டாக்டர்" என்றாள் அம்மா.

"ஆனா எல்லாம் புரியும். நாம என்ன சொன்னாலும் புரிஞ்சுக்குவா" என்றார் அப்பா.

அம்மாவின் முழங்கால் மேசைக்கடியில் அவர் முழங்காலை இடித்தது.

"பாத்ரூம் போகணும்னா தெரியப்படுத்துவாளா?"

"இல்லை."

"கையைப் பிடிச்சு இழுப்பா டாக்டர்."

"ஒரே ஒரு தடவை இழுத்தா. போன மாசம். அது பாத்ரூமுக்கா, குழாய்த் தண்ணியில விளையாடறதுக்கான்னு எங்களுக்கே தெரியலை."

"இழுத்தா இல்ல?" என்றார் அப்பா.

டாக்டர் தட்டினார்.

"சாப்பாடு?"

"வெள்ளையா இருக்கறது மட்டும்தான் சாப்பிடுவா. அதுவும் ஊட்டி விடணும்."

"ஸ்பூன் குடுத்தா தானே சாப்பிடுவா டாக்டர். நாமதான் சிந்திடுவாளோன்னு பயந்து ஊட்டறது."

"என்னங்க..."

"இரு. இருக்கறதைச் சொல்றேன்."

அவர் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. பொய் என்று நினைத்தும் சொல்லவில்லை. பூனை எதிரில் உட்கார்ந்திருந்தாள். நீலக் கவுன், இரண்டு பின்னல். பேச்சுதான் வராதே தவிர அவளுக்குக் காது கேட்கும். பெற்றவளே அவள் முகத்துக்கு நேராக மாட்டாள், தெரியாது, முடியாது என்று அடுக்கிக்கொண்டு போக, ஒவ்வொரு வார்த்தையும் குழந்தை மேல் போய் விழுவதாக அவருக்குத் தோன்றியது. நடுவில் கையை நீட்டித் தடுப்பதுபோலத்தான் அவர் பேசினார்.

"தன்னைத் தானே கடிச்சுக்கறது, அடிச்சுக்கறது உண்டா?"

அம்மா பூனையின் வலது மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். பழைய தழும்புகள்.

"இதெல்லாம் முன்னாடி. இப்ப குறைஞ்சிடுச்சு" என்றார் அப்பா.

டாக்டர் தட்டுவதை நிறுத்தினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"ஒரு குழந்தைக்கு ரெண்டு பேரும் ரெண்டு கதை சொல்றீங்க. நான் எதைப் பதியறது?"

டாக்டரின் கண் மூலையில் உட்கார்ந்திருந்த பெரியவள் மேல் விழுந்தது.

"நீ அக்காவா? ஒரே ஸ்கூலா?"

"ஆமா டாக்டர்."

"நீ சொல்லு. குழந்தைங்க உள்ளதைத்தான் சொல்லும். தங்கச்சி பாத்ரூமுக்குத் தானே போவாளா?"

அம்மா நிம்மதியாக மூச்சு விட்டாள். வக்கீல் எதையும் மறைக்கத் தெரியாதவள். அவளை ஏமாற்றி ஒரு மாத்திரை முழுங்க வைக்க முடியாது.

"போவா" என்றாள் பெரியவள்.

"ரோட்டுல வண்டி வந்தா?"

"நிப்பா."

"ஸ்கூல்ல துணை டீச்சர் கொஞ்ச நேரம் இல்லைன்னா என்ன பண்ணுவா?"

"சும்மா உக்காந்திருப்பா டாக்டர். ஒண்ணும் பண்ணமாட்டா."

"பாப்பா!" என்றாள் அம்மா.

"குறுக்கே பேசாதீங்கம்மா" என்றார் டாக்டர்.

பெரியவள் தன் கால் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டு இன்னும் நாலு கேள்விக்குப் பதில் சொன்னாள். நாலும் பொய். தடுமாறாமல், யோசிக்காமல், வீட்டுப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். அப்பாவே திடுக்கிட்டார். அவர் பூசி மெழுகினார். இவள் சுவரையே எழுப்பினாள்.

கால் மணி நேரத்தில் தாள் அச்சாகி வந்தது. 'கணிசமான முன்னேற்றம்' என்று இருந்தது. கீழே: துணை ஆசிரியர், வாரத்துக்கு நான்கு மணி நேரம். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து.

இதுவரை வாரத்துக்கு முப்பது மணி நேரம்.

அம்மா அதை இரண்டு முறை படித்தாள். மடித்தாள். மறுபடி பிரித்துப் படித்தாள். வேறு எந்த வீட்டிலாவது முன்னேற்றம் என்ற வார்த்தைக்கு இப்படி வயிறு எரியுமா?

வெளியே நடையில் பாதி தூரம் வந்திருப்பார்கள். கை கழுவுமிடத்தில் யாரோ சுவரிலிருந்த கை உலர்த்தும் மெஷினுக்கடியில் கையை நீட்ட, அது ஹோவென்று இரைந்தது.

அவ்வளவுதான். பூனை தரையில் விழுந்தாள். காதைப் பொத்திக்கொண்டு அவள் போட்ட சத்தம் நடை முழுக்க எதிரொலித்தது. மணிக்கட்டு வாய்க்குள் போனது. பல் அழுந்திய இடத்தில் ரத்தம் துளிர்த்தது. நீலக் கவுன் நனைந்து, தரையில் ஈரம் பரவியது.

அப்பா ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்க, அம்மா திரும்பி டாக்டரின் கதவுக்கு ஓடினாள். தட்டினாள். இன்னும் பலமாகத் தட்டினாள்.

"டாக்டர், ஒரு நிமிஷம் வெளியில வந்து பாருங்க! ஒரே நிமிஷம்! இதைப் பாருங்க!"

கதவைத் திறந்தது குமாஸ்தா. "உள்ள அடுத்த குழந்தை இருக்கும்மா."

"என் குழந்தையைப் பாருங்க சார். இதோ, இப்ப. இதைப் பதிவு பண்ணுங்க."

"உங்க பதிவு முடிஞ்சு போச்சும்மா. பூட்டியாச்சு."

"கண் முன்னாடி நடக்குதே சார்!"

குமாஸ்தா நல்ல மனிதர். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மேல்முறையீடு பண்ணுங்க. பதினாலு நாள் இருக்கு. முன்னாடி சொன்னது தப்புன்னா, யாரு சொன்னாங்களோ அவங்களே கைப்பட எழுதிக் கொடுக்கணும், ஏன் அப்படிச் சொன்னேன்னு. அந்தப் பெரிய பொண்ணு சொன்னதும் பதிவுல இருக்கு. அதுவும் நேர்ல வந்து டாக்டர்கிட்ட சொல்லணும். திங்கள்கிழமை காலையில வாங்க, முதல் ஆளா விடறேன்." ஒரு படிவத்தை அவள் கையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

நடையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் வெள்ளைச் சட்டை தோளிலிருந்து இடுப்பு வரை நனைந்திருந்தது. "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை. ரெண்டே நிமிஷம், சரியாயிடும்" என்று அவர் பூனையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்.

லிஃப்ட் நடுவில் நின்றுபோனால், உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியிலிருந்து அவர் சொல்கிற வாசகம் அது. ஒரு மணி நேரமானாலும் ரெண்டே நிமிஷம் என்றுதான் சொல்வார். அதைக் கேட்டுத்தான் உள்ளே இருப்பவர்கள் அழாமல் இருப்பார்கள்.

அம்மா அவர் பக்கமே வரவில்லை. "எனக்குக் கடைக்கு நேரமாச்சு" என்று காற்றிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து அப்பா பூனையைக் குளிப்பாட்டினார். மணிக்கட்டில் மருந்து தடவினார். அவளுடைய கந்தல் காலர் சட்டையைத் தேடி எடுத்து மாட்டி விட்டார். பூனை தன் பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கத் தொடங்கினாள், ஒன்றும் நடக்காத மாதிரி.

பெரியவள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அப்பா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். நெஞ்சில் ஒரு பக்கம் குற்றம் குத்தியது. இன்னொரு பக்கம், சொல்லக் கூச்சமாயிருக்கிற ஒரு குளிர்ச்சி. தான் தனியாகத் திணறும்போது மகள் தன் பக்கம் வந்து நின்றாள் அல்லவா?

"வக்கீல், நீ அப்பாவை விட்டுக்கொடுக்கலை. எனக்குப் புரியுது. ஆனா நீ அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா. நானும்தான்."

"உங்களுக்காகச் சொல்லலைப்பா."

"அப்புறம்?"

அவள் படியின் விளிம்பை நகத்தால் சுரண்டினாள்.

"அந்தத் துணை டீச்சர் ஆன்ட்டி வரலைன்னா பூனையை ஸ்கூல்ல வச்சுக்கமாட்டாங்க. ஹெட்மாஸ்டர் எங்க மிஸ்கிட்ட சொன்னாரு. நான் கேட்டேன்."

"அதனால?"

"அதனாலதான் சொன்னேன்."

அப்பாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும், விளங்காமலே இருந்திருக்கலாம் என்று பட்டது.

"உன் தங்கச்சிடா அவ."

"தெரியும்ப்பா. ஆன்ட்டி சாப்பிடப் போனா என்னைத்தான் கூப்பிடுவாங்க. ஆன்ட்டி பாத்ரூம் போனாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. கணக்குப் பரீட்சையில பாதியில எழுப்பிக் கூட்டிட்டுப் போனாங்க. நான் ஒன்பது மார்க் வாங்கினேன்னு அம்மா திட்டினாளே, அன்னிக்கு."

"ஏம்மா சொல்லலை?"

"சொன்னா அம்மா ஸ்கூலுக்கு வந்து சண்டை போடுவா. அப்புறம் எல்லாரும் இன்னும் என்னையே பார்ப்பாங்க." அவள் குரல் இறங்கியது. "போன மாசம் கிரவுண்டுல அவ எல்லாத்தையும் கழட்டிட்டா. பசங்கல்லாம் சுத்தி நின்னு சிரிச்சாங்க. மிஸ் என்னை மைக்குல கூப்பிட்டாங்க. நான்தான் போய் ஜட்டி போட்டுவிட்டேன். எல்லாரும் பார்க்கறாங்க. அவ என் கையைக் கடிச்சா. நான் அழவேயில்லை. அன்னியிலேருந்து எனக்குப் பேரே கிடையாதுப்பா. பூனையோட அக்கான்னுதான் கூப்பிடறாங்க."

பூனை என்ற பெயரை அவர்தான் வைத்தார். செல்லமாக வைத்தார். அது பள்ளி வரைக்கும் போய் இப்படி நிற்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"அவ வேணாம்னு சொல்லலைப்பா. வீட்டுல இருக்கட்டும். ஸ்கூல்ல மட்டும்... ஸ்கூல் மட்டும் எனக்கு வேணும்."

அவர் அவளை அணைத்துக்கொள்ளக் கையை எடுத்தார். அவள் நகர்ந்து உட்கார்ந்தாள். கோபமில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த களைப்பு.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. அவ என்னை வெறுத்துடுவா" என்றாள்.

அதைச் சொன்ன பிறகுதான் அழுதாள்.

அம்மா ஆறு மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே தெரிந்தது, கடையிலும் நல்ல நாளில்லை. இரண்டு லென்ஸை அளவு தப்பித் தேய்த்துவிட்டாளாம். மூன்று வருடத்தில் முதல் தடவை. முதலாளியம்மா திட்டக்கூட இல்லை. "மாசம் முடியற வரைக்கும் வா. அப்புறம் உனக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்" என்றாளாம்.

அவள் சாப்பாட்டு மேசையில் படிவத்தை விரித்தாள். எதிரில் அப்பாவை உட்காரச் சொன்னாள். பேனாவை நகர்த்தி வைத்தாள்.

"ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. நீங்க பேசினதுகூட எனக்குப் புரியுது. உங்களுக்கு வெளி ஆளுங்க முன்னாடி மானம் பெரிசு. பெரியவளுக்கு யாரு சொல்லிக் கொடுத்தது?"

அப்பா நிமிர்ந்தார். அறைக் கதவருகே பெரியவள் நின்றிருந்தாள். கையில் தண்ணீர் டம்ளர். குடிக்க மறந்த டம்ளர்.

"அவளா அப்படிப் பேசமாட்டா. எனக்கு என் பொண்ணைத் தெரியும். தடுமாறாம ஏழு பொய், ஒப்பிச்ச மாதிரி. யாரு சொல்லிக் கொடுத்தது?"

"நான்தான்" என்றார் அப்பா.

"எப்ப?"

"நேத்து ராத்திரி. நீ பூனையைத் தூங்க வச்சப்ப."

"என்ன சொன்னீங்க?"

"டாக்டர் கேட்டா... தங்கச்சி எல்லாம் செய்வான்னு சொல்லுன்னேன்."

அம்மா பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள். கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார்.

"எல்லாத்துக்கும் ரெண்டே நிமிஷம்னு சொல்லிச் சொல்லியே பழகிட்டீங்க. நான் உங்க லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவ இல்லைங்க. எனக்கு ஆறுதல் வேணாம். கதவு திறக்கணும், அவ்வளவுதான்." அவள் மூச்சு வாங்கினாள். "ஒன்பது வயசுக் குழந்தை வாயில பொய்யைத் திணிச்சிருக்கீங்க. தங்கச்சிக்கு விரோதமா. அது பெரிசானப்புறம் தெரிஞ்சு எப்படித் தாங்கும்? அதை யோசிச்சீங்களா?"

அவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எழுதுங்க."

எழுதினார். அவருடைய எழுத்து எப்போதும் பெரிது பெரிதாக இருக்கும். அன்று சின்னதாக வந்தது. 'என் மூத்த மகள் சொன்னவை உண்மையல்ல. அவ்வாறு சொல்லும்படி அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன்.' அதன் கீழே, குழந்தையால் செய்ய முடியாதவை என்ற பகுதி காலியாக இருந்தது. அம்மா நோட்டைப் பிரித்து வைத்தாள். முதல் வரியிலிருந்து பார்த்து எழுதத் தொடங்கினார். பேச மாட்டாள். கழிப்பறைத் தேவையைச் சொல்ல மாட்டாள். ஆபத்து தெரியாது. ஒவ்வொரு வரிக்கும் பேனாவைக் கொஞ்சம் நிறுத்திப் பிறகு எழுதினார்.

அம்மா எழுந்து பெரியவளிடம் போனாள். முட்டி போட்டு, அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"உன் மேல ஒரு தப்பும் இல்லடி கண்ணு. பெரியவங்க சொன்னா நீ என்ன பண்ணுவே? திங்கள்கிழமை டாக்டர் கேப்பாங்க. அப்பா சொல்லச் சொன்னாரு, அதனால சொன்னேன்னு மட்டும் சொல்லிடு. சொல்லுவே இல்ல?"

பெரியவள் அம்மாவின் தோளுக்கு மேலாக அப்பாவைப் பார்த்தாள். அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

"சொல்லுவேம்மா" என்றாள்.

"உன் தலையணையை எடுத்துட்டு என் ரூமுக்கு வந்துடு. இனிமே என்கூடப் படுத்துக்கோ. ஸ்கூலுக்கும் நானே கொண்டு விடறேன்." பிறகு, மேசைப் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "இவளை உங்களோட தனியா விடறதா இல்லை. இப்போதைக்கு இல்லை."

அப்பாவின் பேனா நின்றது. மறுபடி நகர்ந்தது.

பெரியவள் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அறையிலிருந்து வந்தாள். மேசையைத் தாண்டித்தான் போகவேண்டும். அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். அடுக்களையில் அம்மா குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது.

அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தால் போதும். ஓடிப்போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். அப்படித்தான் முடிவு செய்துகொண்டு நின்றாள்.

நிமிர்ந்தால் குழந்தை பயந்து உளறிவிடும் என்று அவர் குனிந்தே இருந்தார்.

அப்பாவுக்கு என் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள்.